சோறும் ஊட்டலாம், சோர்வும் ஊட்டலாம்

கொஞ்சம் நீளமான பதிவு. அவசர வேலை இருப்பவர்கள் முடித்துவிட்டு வந்து படியுங்கள்.

'டிஸ்கரேஜிங்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே ஒரு தமிழ்ச் சொல் வேண்டும் என்று என் தம்பி மகள் கேட்டிருந்தாள். தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. கற்பித்தல் பயிற்சிக்காக ஒரு பள்ளிக்குப் போய்வருகிறாள். வகுப்பறையில் ஆசிரியர் வாயிலிருந்து வரும் நல்ல சொற்களை ஒரு பக்கமும், பிள்ளைகளைச் சுருங்க வைக்கும் சொற்களை ஒரு பக்கமும் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். முதல் பக்கத்துக்குத் தலைப்பு சுலபமாகக் கிடைத்துவிட்டது: 'ஊக்கமூட்டும் சொற்கள்'. இரண்டாம் பக்கம்தான் தலைப்பில்லாமல் நிற்கிறது. "பெரியப்பா, ஒரே வார்த்தையா வேணும். வளவளன்னு எழுதி அனுப்பாதீங்க" என்று வாட்ஸ்அப்பில் கண்டிப்பு வேறு.

நான் பன்னிரண்டு சொற்களை அனுப்பினேன். வாத்தியார் புத்தி, என்ன செய்ய? அனுப்பிய பிறகு அந்தப் பன்னிரண்டும் என்னை விடவில்லை. தேங்காய் துருவும்போதும், மாடியில் நடக்கும்போதும் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அவற்றைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்று கவனித்தேன். அகராதி நடையில் சொன்னால் 'ஊக்கம் குலைக்கிற', 'மனம் தளரச் செய்கிற', 'அதைரியப்படுத்துகிற', 'சோர்வு தருகிற' என்றுதான் வருகிறது. எல்லாமே இரண்டு மூன்று துண்டுகளை ஒட்டிச் செய்தவை. ஆனால் அந்த நிலைக்கு ஆளானவனைப் பற்றிச் சொல்லத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. சோர்ந்தான், தளர்ந்தான், துவண்டான், வாடினான், அயர்ந்தான், ஒடிந்தான், உடைந்தான், இடிந்தான், நொந்தான், வெறுத்துப்போனான், சப்பென்று ஆகிவிட்டது, மனசு விட்டுப்போச்சு. பட்டவனுக்கு இத்தனை சொல். பட வைத்ததற்கு மட்டும் ஒட்டுப்போட்ட சொல்.

இந்தச் சொற்களை எல்லாம் ஒரே பொருள் என்று நினைத்து மாற்றி மாற்றிப் போடக் கூடாது. கட்டுரை நோட்டில் பிள்ளைகள் அப்படித்தான் போடுவார்கள். பத்திரிகைக்காரர்களும் போடுகிறார்கள்.

'துவளுதல்' கொடிக்கு உரியது. பிடிமானம் இல்லாவிட்டால் துவளும். ஒரு குச்சியை ஊன்றினால் ஏறிக்கொள்ளும். 'வாடுதல்' செடிக்கும் பூவுக்கும். பூ வாடினால் போயிற்று, செடி வாடினால் ஒரு குடம் தண்ணீரில் நிமிரும். 'ஒடிதல்' முருங்கைக் கிளைக்கு. சத்தம் கேட்கும், திரும்ப ஒட்டாது. 'இடிதல்' சுவருக்கு. 'நொடிதல்' என்பதைப் பணம் சம்பந்தமாகத்தான் அதிகம் சொல்கிறோம்; வியாபாரம் நொடித்துப் போனது, குடும்பம் நொடித்துப் போனது. ஆகவே பரீட்சையில் இரண்டு மார்க் குறைந்தவனை 'இடிந்து போனான்' என்று எழுதினால் அது மிகை. அவன் வாடியிருக்கிறான், அவ்வளவுதான். மாலையில் கபடி ஆடப் போய்விடுவான்.

'தளர்தல்' கட்டுக்கும் பிடிக்கும். கட்டு தளர்ந்தது, பிடி தளர்ந்தது. முதியவர் நடை தளர்ந்தது என்கிறோம். அதே சொல்லைத் தத்தித் தத்தி நடக்கும் குழந்தைக்கும் வைத்திருக்கிறார்கள்: தளர்நடை. குழந்தையின் தளர்நடையைப் பார்த்து யாரும் 'இது நடக்காது' என்று சொல்வதில்லை. கையை நீட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்துகொள்கிறோம்.

களைப்பும் அசதியும் உடம்புக்கு. அலுப்பு நீண்ட வேலைக்கும் பயணத்துக்கும். சலிப்பு என்பது ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வதால் வருவது. வாய்ப்பாட்டைப் பத்தாவது முறை எழுதச் சொன்னால் பையனுக்கு வருவது சலிப்பு. இவற்றை எல்லாம் ஒரு தூக்கமோ ஒரு விளையாட்டோ சரிசெய்துவிடும்.

'விரக்தி' ஒரு வேடிக்கையான சொல். சமய நூல்களில் அது உயர்ந்த நிலை; ஆசைகளில் பற்று விட்டவன்தான் விரக்தன். இன்று வேலை கிடைக்காத இளைஞனுக்கு 'விரக்தி' என்று செய்தித்தாள் எழுதுகிறது. இன்னொரு சொல்லையும் பக்கத்தில் வையுங்கள்: வைராக்கியம். இரண்டும் வடமொழியில் ஒரே வேரிலிருந்து வந்தவை. இரண்டுக்கும் மூலப் பொருள் பற்றின்மைதான். தமிழுக்கு வந்து பழகியபின் ஒன்று 'இனி எதுவும் வேண்டாம், போ' என்று ஆனது. மற்றொன்று 'செய்தே தீருவேன்' என்று ஆனது. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பிள்ளைகள் இப்படி வடக்கும் தெற்குமாகப் போயிருக்கிறார்கள்.

'மனச்சோர்வு' பற்றி ஒரு வார்த்தை. முன்பெல்லாம் சாதாரண வருத்தத்துக்கும் இதைச் சொல்வோம். இப்போது மருத்துவர்கள் டிப்ரெஷன் என்ற நோய்க்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். செய்திகளில் அதற்கும் ஸ்ட்ரெஸ்ஸுக்கும் சேர்த்து 'மன அழுத்தம்' என்று போட்டுக் குழப்புகிறார்கள். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று ஒரு பிள்ளை இருந்தால் அது இந்தப் பதிவில் நான் சொல்லும் வாட்டம் அல்ல. 'சோம்பேறி' என்று பெயர் சூட்டாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது, தமிழிலும் பேசலாம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சோர்வு. இந்தச் சொல்லில்தான் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். சோர்தல் என்றால் அடிப்படையில் நழுவுதல், வடிதல். கண்ணீர் சோர்ந்தது, கூந்தல் சோர்ந்தது, ஆடை சோர்ந்தது என்று பழைய பாட்டுகளில் வரும். கையில் பிடித்திருந்தது மெல்ல நழுவிப் போவது. பிடித்திருந்தவனுக்கே தெரியாமல் போவது. திருக்குறளில் பொச்சாவாமை அதிகாரத்தின் முதல் குறளில், மகிழ்ச்சி அளவு கடக்கும்போது வரும் மறதியை வள்ளுவர் சோர்வு என்கிறார். அது மிகுந்த கோபத்தைவிடத் தீயது என்கிறார். சொல்வன்மையில், நன்றாகப் பேசத் தெரிந்தவன் சோர்வு இல்லாதவன் என்கிறார். சொல்ல வந்ததை நழுவவிடாதவன் என்று அங்கே பொருள். துக்கத்தோடு மட்டும் கட்டிப்போட்ட சொல் அல்ல அது.

வள்ளுவர் என்றதும் இன்னொன்று. 60ஆம் அதிகாரம் ஊக்கமுடைமை, 61 மடியின்மை, 62 ஆள்வினையுடைமை, 63 இடுக்கண் அழியாமை. நாற்பது குறள் வரிசையாக, மனம் தளராதே, சோம்பாதே, முயற்சி செய், துன்பம் வந்தால் கலங்காதே என்று. முப்பது வருஷத்துக்கு மேல் இந்த நாற்பதிலிருந்து எடுத்து எடுத்து வகுப்பில் சொல்லியிருக்கிறேன். எல்லாம் தளரக்கூடியவனைப் பார்த்துச் சொன்னவை. பிறர் ஊக்கத்தைக் கெடுக்காமை என்று தனி அதிகாரம் இல்லை. இனியவை கூறல் இருக்கிறது, பயனில சொல்லாமை இருக்கிறது. அவற்றுக்குள் அடங்கும் என்று விட்டிருப்பார் போலும்.

இப்போது கொஞ்சம் இலக்கணம். பயப்படாதீர்கள், ஐந்தாம் வகுப்பு இலக்கணம்தான்.

தன்வினை, பிறவினை என்று படித்திருப்பீர்கள். திருந்தினான், திருத்தினான். உருண்டது, உருட்டினான். அதே மாதிரி வாடினான், வாட்டினான்; தளர்ந்தது, தளர்த்தினான்; உடைந்தது, உடைத்தான். பிறவினைச் சொற்கள் மொழியில் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் மனசைப் பற்றிப் பேசும்போது நாம் எதைப் பயன்படுத்துகிறோம் என்று கவனித்துப் பாருங்கள். 'மனசு ஒடஞ்சு போச்சு.' 'வெறுத்துப் போச்சு.' 'ஆசையே விட்டுப் போச்சு.' எல்லாம் 'போச்சு'. தானாகவே போனது போல. யார் உடைத்தார், எதைச் சொல்லி உடைத்தார் என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமே கிடையாது.

'மட்டம் தட்டினான்', 'முட்டுக்கட்டை போட்டான்', 'மூக்கை அறுத்தான்' என்று செய்தவனைக் காட்டும் தொடர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன. அவற்றைப் பங்காளிக்கும் போட்டிக்காரனுக்கும் வைத்திருக்கிறோம். அப்பாவைப் பற்றியோ ஆசிரியரைப் பற்றியோ அப்படிச் சொல்ல நாக்கு எழும்பாது. அங்கே வந்ததும் 'மனசு விட்டுப் போச்சு' ஆகிவிடும்.

அடுத்து, அந்தப் பெரியவர்கள் என்ன சொல்லித்தான் உடைக்கிறார்கள்? தம்பி மகள் அனுப்பிய இரண்டாம் பக்கத்தைப் பார்த்தேன். வசைச்சொல் அதில் குறைவு. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் 'மக்கு', 'மண்டு', 'மரமண்டை', 'எருமை' எல்லாம் தாராளமாகப் புழங்கும். இப்போது குறைந்திருக்கிறது, நல்லது. அவள் பட்டியலில் இருந்தவை இவை: வராது. ஆகாது. சரிப்படாது. உருப்படாது. தேறாது.

எல்லாம் 'ஆது' என்று முடிகின்றன. இந்த எதிர்மறை வினைமுற்றுக்கு ஒரு குணம் உண்டு. இதற்குள் காலம் காட்டும் உறுப்பு இல்லை. 'வந்தது' என்றால் நேற்று, 'வரும்' என்றால் நாளை. 'வராது' என்றால்? எப்போதும். 'மாடு முட்டாது', 'நெருப்பில் ஈ மொய்க்காது' என்பதைப் போல ஓர் இயற்கை விதி. 'உனக்குக் கணக்கு வரவில்லை' என்று சொன்னால் இன்றைக்கு வரவில்லை, நாளைக்கு வரலாம் என்று ஒரு வாசல் திறந்திருக்கிறது. 'உனக்குக் கணக்கு வராது' என்றால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாயிற்று. எழுத்தில் பார்த்தால் சிறிய வித்தியாசம். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய வித்தியாசம்.

'வராது' என்பதையும் 'தெரியாது' என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "எனக்கு நீச்சல் தெரியாது" என்கிறவனைக் கிணற்றுக்கு அழைத்துப் போய்ச் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கற்றுக்கொடுக்கலாம். தெரியாததைத் தெரிந்துகொள்ளலாம். "எனக்கு நீச்சல் வராது" என்கிறவன் கிணற்றங்கரைக்கே வர மாட்டான். நீச்சல் என்னவோ வழி தெரிந்து தன்னிடம் வந்து சேரவேண்டிய ஒரு விருந்தாளி மாதிரி பேசுவான். யாரோ ஒருவர் முதலில் 'உனக்கு வராது' என்று சொல்லியிருப்பார். பிறகு அவனே 'எனக்கு' என்று மாற்றிச் சொல்லப் பழகிக்கொள்கிறான்.

'தேறாது' இன்னும் மோசம். ஏனென்றால் 'தேறு' அவ்வளவு நல்ல சொல். காய்ச்சலில் கிடந்தவர் உடம்பு தேறிவிட்டார் என்கிறோம். பரீட்சையில் தேறினான் என்கிறோம். மழை பெய்தால் பயிர் தேறிவிடும் என்கிறோம். இழவு வீட்டுக்குப் போய் அழுகிறவளைத் தேற்றுகிறோம். ஆறுதல் தேறுதல் என்று இணைத்தே சொல்கிறோம். வள்ளுவர் காலத்தில் தேறுதல் என்றால் நம்புதல். தெரிந்து தெளிதல் அதிகாரத்தில், ஆராயாமல் யாரையும் நம்பாதே, ஆராய்ந்து எடுத்தபின் நம்பவேண்டியதை நம்பு என்று சொல்லும்போது, ஆராய்வதற்கு 'தேர்' என்றும் நம்புவதற்கு 'தேறு' என்றும் சின்ன ரகரத்தையும் வல்லின றகரத்தையும் அடுத்தடுத்து வைத்து விளையாடியிருப்பார். ர, ற வேறுபாடு சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

நோய், பயிர், துக்கம், நம்பிக்கை என்று இத்தனைக்கும் பயன்பட்ட சொல்லின் வாலில் 'ஆது' ஒட்டிப் பிள்ளைகள் மேல் போடுகிறோம்.

அப்படிப் போட்ட ஒன்றைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். 1989. எங்கள் கரிசல் சீமையில் கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரம் முழுக்கத் தீப்பெட்டி ஆபீஸ்கள். விடியுமுன்னே ஆபீஸ் பஸ் ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும். தூக்கக் கலக்கத்தோடு பிள்ளைகள் தூக்குவாளியுடன் ஏறிப் போவார்கள். பள்ளிக்கூட மணிக்கு முன்னால் அந்த ஹாரன்தான் ஊருக்கு மணி. அந்த மாதிரி ஒரு கிராமத்துப் பள்ளியில் நான் உதவி ஆசிரியர். ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன். வாசிப்பு திணறும். ஆனால் சந்தைக்குப் போய்க் காய் வாங்கிவந்து மீதிச் சில்லறையைச் சரியாக ஒப்படைக்கிற பையன். அரைப் பரீட்சை முடிந்து தலைமை ஆசிரியரைப் பார்க்க அவன் அப்பா வந்தார். தலைமை ஆசிரியர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு அன்று நிறைய வேலை. விடைத்தாள் கட்டைப் பிரிக்கவில்லை, பையனைக் கூப்பிடவில்லை. தலையைத் தூக்காமல் "இது தேறாதுய்யா" என்றார். அவ்வளவுதான். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. தேராமலே தேறாது என்று சொல்லிவிட்டார்.

பொங்கல் விடுமுறை முடிந்து பையன் வரவில்லை. நான் வீட்டுக்குப் போனேன். அம்மாதான் இருந்தார். "சார், பெரிய வாத்தியாரே தேறாதுன்னு சொல்லிட்டாக. அவுக படிச்சவுக. அதுக்கு மேல நாங்க என்னத்தச் சொல்ல?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார். வாத்தியார் பொய் சொல்ல மாட்டார் என்ற நம்பிக்கையில் சொன்னார். இன்னும் இரண்டு தடவை போனேன். மூன்றாவது தடவை வீடு பூட்டியிருந்தது; எல்லாரும் ஆபீஸுக்குப் போயிருந்தார்கள். பையன் குச்சி அடுக்கப் பழகிவிட்டான் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கூலியும் நன்றாக வருகிறதாம்.

ஆபீஸ் பஸ் வந்ததும் வறுமையும் மட்டும் காரணம் என்று பேசலாம். அவை பெரிய காரணங்கள்தான். ஆனால் அந்த வீட்டில் மூத்தவள் எட்டாவது வரை படித்தாள். அதே வறுமைதான், அதே பஸ்தான். அவளைப் பற்றி யாரும் 'தேறாது' என்று சொல்லவில்லை.

முன்னேற்ற அட்டையில் எழுதும் சொற்களையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். 'நன்று' தவிர எங்கள் காலத்தில் அதிகம் எழுதப்பட்ட சொல் 'சுமார்'. பாரசீகத்திலிருந்து வந்த சொல். கூட்டத்தில் சுமார் நூறு பேர் என்றால் எண்ணிப் பார்க்கவில்லை, கண்ணால் அளந்து சொல்கிறேன் என்று அர்த்தம். 'படிப்பு: சுமார்' என்று எழுதினாலும் பல நேரம் அதே அர்த்தம்தான். பிள்ளை சுமார் என்பதை விட, பார்த்தவர் சுமாராகப் பார்த்தார் என்றுதான் நான் அதைப் படிப்பேன்.

'மந்தம்', 'பின்தங்கியவர்' எல்லாம் போய் 'மெல்லக் கற்கும் மாணவர்' என்று துறையே ஒரு நல்ல சொல்லைக் கொண்டுவந்தது. நல்ல நோக்கம், நல்ல தமிழ். மெல்ல என்றாலும் கற்கிறான் என்று அதற்குள் இருக்கிறது. ஆனால் ஆசிரியர் அறையில் அது சீக்கிரமே 'ஸ்லோ லேனர்' ஆகி, 'அது ஸ்லோ கேஸ் சார்' ஆகிவிட்டது. பழைய 'மக்கு' புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்த மாதிரி. சொல்லை மட்டும் மாற்றினால் போதாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இதற்கு நேர்மாறாக ஒன்றும் நடந்தது. 2007 வாக்கில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்ததே, நினைவிருக்கிறதா? ஏணிப்படி, அட்டைகள், பாயில் உட்காரும் குழுக்கள். அந்த முறையில் எனக்குக் குறை சொல்ல நிறைய உண்டு. அட்டை அடுக்கியே முதுகு போயிற்று. ஆனால் குழுக்களுக்கு வைத்த பெயர்களை இன்றும் மெச்சுகிறேன். ஆசிரியர் முழு உதவி, ஆசிரியர் பகுதி உதவி, சக மாணவர் முழு உதவி, சக மாணவர் பகுதி உதவி, பிறகு தானே கற்பது. முதல் பாயில் உட்காரும் பிள்ளைக்கு எதுவும் தெரியாது என்று அந்தப் பெயர் சொல்லவில்லை. அந்தப் பாயில் ஆசிரியர் முழுதாக உட்கார வேண்டும் என்றுதான் சொன்னது. பெயர் பிள்ளையின் மேல் விழாமல் என் மேல் விழுந்தது. 'போச்சு' என்று மறைந்து நின்ற ஆளை இழுத்து வந்து முன்னால் நிறுத்திய பெயர்கள் அவை. யார் வைத்தார்களோ, இலக்கணம் தெரிந்தவர்கள்.

அந்தப் பையன் கதை பாதியில் நிற்கிறது அல்லவா? அவனுக்கு இப்போது நாற்பத்தைந்துக்கு மேல் வயது. தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வெளியேறி, வெல்டிங் பழகி, சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான். கேட், ஜன்னல் எல்லாம் செய்வான். அளவு பிசகாது. எங்கே பார்த்தாலும் வண்டியை நிறுத்தி இறங்குவான். சென்ற ஆண்டு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டீக்கடையில் வைத்து ஒரு சங்கதி சொன்னான். அவன் மகள் ஏழாம் வகுப்பு. பள்ளிக்குக் கூப்பிட்டு, "உங்க பொண்ணு கணக்குல வீக்" என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். இவன் கேட்டானாம்: "எந்தக் கணக்கு டீச்சர்?"

டீச்சருக்குப் புரியவில்லை. "கணக்குதான்."

"இல்லைங்க டீச்சர். கூட்டலா, கழித்தலா, வகுத்தலா? எதுல மாட்டுது?"

டீச்சர் நோட்டை வரவழைத்துப் புரட்டியிருக்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து பார்த்திருக்கிறார்கள். பின்னங்களைக் கூட்டும்போது மேலெண்ணை மேலெண்ணோடும் கீழெண்ணைக் கீழெண்ணோடும் கூட்டி வைத்திருக்கிறாள். அரையும் காலும் சேர்ந்தால் ஆறில் இரண்டு என்று போட்டிருக்கிறாள். மற்றதெல்லாம் சரி. "அன்னைக்கு ராத்திரி பட்டறையில அரை இஞ்சு, கால் இஞ்சு பட்டையை எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினேன் சார். முக்கால் இஞ்சு டேப்புல தெரியுதுல்ல? பிடிச்சுக்கிட்டா" என்றான். அந்த டீச்சரும் நல்லவர். மறுவாரம் அந்தப் பெண்ணை வகுப்பில் எழுப்பி, பட்டை வைத்த கதையைச் சொல்லச் சொன்னாராம்.

எனக்கு டீ ஆறிப்போய்விட்டது.

சரி, தம்பி மகளுக்கு எந்தச் சொல்லைக் கொடுத்தேன் என்று சொல்லவில்லையே. 'சோர்வூட்டும்' என்பதைத்தான் கொடுத்தேன். சோர் என்ற வினைக்குப் பேச்சு வழக்கில் பிறவினை இல்லை. அதனால் 'ஊட்டு' என்பதைத் துணைக்குச் சேர்க்கிறோம். அந்த 'ஊட்டு' யாருக்கு உரியது? தாய்க்கு. பாலூட்டுவது, சோறூட்டுவது. நிலாவைக் காட்டிக்கொண்டு பருப்புச் சோற்றை உருட்டி வாயில் வைப்பது. முன்பின் தெரியாதவர் ஊட்டினால் குழந்தை வாயைத் திறக்காது. தெருவில் போகிறவன் 'நீ உருப்படமாட்டே' என்றால் நமக்குக் கோபம்தான் வரும், சோர்வு வராது. நம்பி வாயைத் திறக்கிற இடத்தில்தான் அது உள்ளே போகிறது. சோறூட்டுகிற கையாலேயே சோர்வையும் ஊட்ட முடியும் என்று அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. 'ஊக்கமூட்டும்' பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் போட்டாலும் அழகாக ஜோடி சேரும்.

அவளுடைய விரிவுரையாளர் 'ஊக்கம் குன்றச் செய்யும் சொற்கள்' என்று திருத்திவிட்டாராம். அதுவும் பிழையில்லை. மதிப்பெண் அவர் கையில்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எங்கள் பக்கம் 'சடைவு' என்று ஒரு சொல் உண்டு. உடம்பு அசந்தாலும் 'சடவா இருக்கு' என்போம்; மனசு கோணினாலும் 'சடைச்சுக்கிட்டான்' என்போம். பிள்ளையை முழுக்கக் கைவிட்டதைச் சொல்ல 'தண்ணி தெளிச்சு விட்டாச்சு' என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் கோயில் முன்னால் நிற்கும் ஆடு கண்ணில் வரும். இந்த மாதிரி உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள்? கொங்கு, தஞ்சை, நாஞ்சில் நாட்டுக்காரர்கள் கட்டாயம் எழுதுங்கள். இலங்கை நண்பர்களும். இளைஞர்கள் 'மூட் அவுட்', 'செம கடுப்பு' என்று எழுதினாலும் கோபிக்க மாட்டேன், நோட்டில் சேர்த்துக்கொள்வேன். சொன்னவர் யார், எந்தச் சந்தர்ப்பத்தில் என்பதையும் இரண்டு வரியில் எழுதினால் நல்லது. பெயர் வேண்டாம், உறவு முறை போதும்.